அந்த இரைச்சலைக் கழுவிவிடாதீர்கள்

சோனிக்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஆரம்பகாலப் பதிவுகளை அடுத்தமுறை தொகுத்து மறுவெளியீடு செய்யப்போகிற நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் யாரோ ஒருவர் வரத்தான் போகிறீர்கள். டக்கோமா நகரத்துப் பையன்கள் ஐந்து பேர் 1964இலிருந்து 1966 வரை பதிவுசெய்த அந்தக் கொஞ்சப் பாட்டுகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை யாராவது புது அட்டை போட்டு, புதிதாகச் சுத்தம் செய்ததாகச் சொல்லி விற்பதும், வீட்டில் ஏற்கெனவே மூன்று பிரதி இருந்தும் என்னைப் போன்ற ஆட்கள் நாலாவதை வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. அதனால்தான் முன்கூட்டியே எழுதிவைக்கிறேன்.

தமிழில் எழுதினால் எங்களுக்கு எப்படிப் புரியும் என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் குழுவின் பாடகர் ஜெரி ராஸ்லி பாடுவதில், பாடுவது என்ன, கத்துவதில், பாதி வார்த்தை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. இவர்களும் பாடிய ‘லூயி லூயி’ பாட்டைக் கிங்ஸ்மென் குழு 1963இல் வெளியிட்டபோது, வரிகளில் ஆபாசம் இருக்கிறதா என்று எஃப்.பி.ஐ. இரண்டு வருடத்துக்கு மேல் தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டு, எந்த வேகத்தில் ஓட்டினாலும் ஒன்றும் விளங்கவில்லை என்று எழுதிக் கோப்பை மூடியது. அந்தப் பக்கத்து இசைக்கு மொழி புரிய வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. என் மடலுக்கும் வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு தொகுப்பு வாங்கினேன். யார் போட்டது என்று சொல்லப்போவதில்லை, அவர்களைத் திட்டுவது என் நோக்கமில்லை. பாட்டின் விலையைவிடத் தபால் செலவு அதிகம். வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, ‘சைக்கோ’ பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாப் பென்னட் டிரம்ஸில் விழுந்து விழுந்து அடிக்கும் இடத்தில் சிம்பல் சத்தம் தண்ணீருக்கடியிலிருந்து வருகிற மாதிரி குழகுழவென்று வந்தது. நாடாவின் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலை எடுக்கிறேன் என்று யாரோ ஒரு மென்பொருளைத் தாராளமாக ஓடவிட்டிருக்கிறார்கள். இரைச்சல் போனது சரி, கூடவே சிம்பலின் கூர், சாக்ஸஃபோனின் கரகரப்பு, ராஸ்லியின் தொண்டை கிழிகிற அந்தக் கடைசி நுனி எல்லாம் போய்விட்டது. மீதி இருந்தது நல்ல பிள்ளைகள் ஐந்து பேர் வாசிப்பது போன்ற ஒரு சத்தம். சோனிக்ஸ் நல்ல பிள்ளைகளா? ஸ்ட்ரிக்னின் என்கிற எலி விஷத்தைத் தண்ணீரைவிடப் பிடிக்கும், ஒயினைவிடப் பிடிக்கும் என்று பாட்டுக் கட்டினவர்கள் ஐயா அவர்கள்.

இது எங்கிருந்து வந்த சத்தம் என்பதை நீங்கள் மறந்துவிடக்கூடாது என்பதற்காகக் கொஞ்சம் பழங்கதை. டக்கோமா வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிற துறைமுக ஊர். காகித ஆலை நாற்றத்துக்கே அந்தப் பகுதியில் பேர்போனது. பக்கத்தில் மெக்கார்ட் விமானப்படைத் தளம். அங்கிருந்து கிளம்பும் ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது கிளம்பும் வெடிச்சத்தத்திலிருந்துதான் குழுவுக்குப் பெயர் எடுத்தார்கள். 1960இல் பள்ளிக்கூடப் பையன் லாரி பாரிப்பா கிட்டாரோடு ஆரம்பித்தார், அப்புறம் அண்ணன் தம்பி கணக்கில் ஆண்டி பாரிப்பா பாஸ் கிட்டாருக்கு வந்தார். பெற்றோர் இரண்டு பேருமே பாட்டுப் பைத்தியம். ஒத்திகையில் பாஸ் வாசிக்க ஆள் இல்லாத நாளில் அவர்களுடைய அம்மாவே எடுத்து வாசிப்பாராம். இந்தத் தகவலைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தக் குழுமேல் வேறொரு பாசம் வந்துவிட்டது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1964 வாக்கில் ராஸ்லி, டிரம்ஸுக்குப் பாப் பென்னட், சாக்ஸஃபோனுக்கு ராப் லிண்ட் எல்லாரும் சேர்ந்து ஐவர் கணக்கு முடிந்தது. அதே ஊரின் மூத்த குழுவான வெய்லர்ஸ் ஆட்கள் நடத்திய சின்ன நிறுவனம் இவர்களை எடுத்துக்கொண்டது. நிறுவனத்தின் பெயர் எட்டிகெட். சபை மரியாதை! இதைவிடப் பொருத்தமில்லாத பெயர் இந்தப் பையன்களுக்கு அமைந்திருக்காது. 1964 நவம்பரில் ‘தி விட்ச்’ சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு, வந்தது. சியாட்டிலின் கேஜேஆர் வானொலி பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வரை அதைப் போடாமல் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். பகலில் வீட்டில் இருக்கும் அம்மாக்கள் கேட்டால் அரண்டுபோவார்கள் என்று பயம். அப்படியிருந்தும் அந்த வட்டாரத்தில் உள்ளூர்க் குழு போட்ட சிங்கிள்களில் சக்கைப்போடு போட்டது அதுதான்.

சரி, பதிவுக்கு வருவோம், என் சண்டை அங்கேதான் இருக்கிறது. சியாட்டிலில் கியர்னி பார்ட்டன் என்ற பொறியாளரின் ஒலிப்பதிவுக்கூடம். இரண்டே தடம் உள்ள நாடா இயந்திரம். டிரம்ஸ் மொத்தத்துக்கும் ஒரே ஒரு மைக். இன்றைக்கு ஒரு சாதாரண டிரம்ஸ் பதிவுக்கே எட்டுப் பத்து மைக் வைக்கிறார்கள். அந்த ஒற்றை மைக்கில் விழுந்த டிரம்ஸ் சத்தத்தைத்தான் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1994இல் ஒரு பேட்டியில் தனக்குப் பிடித்த டிரம்ஸ் சத்தங்களிலேயே முதலிடத்தில் வைத்துப் பேசினார், இந்த டிரம்ஸ்காரரைவிட ஓங்கி அடிக்கிற ஆளைத் தான் கேட்டதில்லை என்கிற அர்த்தத்தில். நிர்வாணா நினைத்திருந்தால் உலகத்தின் எந்தப் பதிவுக்கூடத்தையும் வாடகைக்கு எடுத்திருக்கலாம், அவர் ஏங்கியது இந்த மலிவு விலைப் பதிவுக்கு.

நான் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைகளில் எங்கள் ஊர் பாட்டுப் பதிவுக் கடை ஒன்றில் வேலை பார்த்திருக்கிறேன். ஆட்கள் துண்டுச் சீட்டில் பாட்டுப் பெயர் எழுதிக் கொண்டுவருவார்கள், அறுபது நிமிடக் கேசட்டா தொண்ணூறா என்று கேட்டு நிரப்பிக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பதிவு இயந்திரத்தில் சத்தத்தின் அளவு காட்டும் முள் சிவப்பைத் தொடக்கூடாது. தொட்டால் சத்தம் உடையும், வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அந்தப் பாடத்தை வேதமாக எடுத்துக்கொண்ட எனக்கு, பல வருடம் கழித்து ஒரு நண்பர் இவர்களுடைய முதல் எல்பியான (நீள இசைத்தட்டு) ‘ஹியர் ஆர் தி சோனிக்ஸ்’ போட்டுக்காட்டியபோது முதலில் பதறிப்போய் அவருடைய ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் சொன்னேன். நண்பர் சிரித்தார். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. 1965இல் சியாட்டிலில் முள் சிவப்பில் போய்ச் சாய்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை, அதுதான் விஷயம்.

அது தெரியாமல் நடந்த தப்பும் இல்லை. ஆம்ப்ளிஃபையரை எப்போதும் தாங்குகிற அளவுக்கு மேல் திருகிவைப்பது, அது போதாதென்று ஸ்பீக்கர் கூம்பில் ஐஸ் உடைக்கிற ஊசியால் குத்தி ஓட்டை போடுவது, இதெல்லாம் வீட்டிலேயே நடந்த வேலை என்று பாரிப்பா சகோதரர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது எல்பியான ‘பூம்’ 1966இல் வந்தது. அதற்கு டக்கோமாவிலேயே ஒரு கூடத்துக்குப் போனார்கள். அமெரிக்க ‘கன்ட்ரி’ வகைப் பாட்டுக்காரர்கள் பதிவுசெய்யும் இடம், சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் ஒட்டிவைத்திருந்ததை எல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு வாசித்தார்கள். கவனியுங்கள், எதிரொலி வேண்டும் என்று சுவரைப் பிய்த்திருக்கிறார்கள். அந்த எதிரொலியை நீங்கள் அறுபது வருடம் கழித்துக் கணினியில் உட்கார்ந்து துடைத்தால் அது எந்த ஊர் நியாயம்?

துடைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க நீங்கள் சிரமப்படவே வேண்டாம், அந்தச் சோதனை அப்போதே நடந்து முடிந்துவிட்டது. இவர்கள் எட்டிகெட்டை விட்டு ஜெர்டன் என்ற நிறுவனத்துக்குப் போனார்கள். ஹாலிவுட்டின் கோல்ட் ஸ்டார் பதிவுக்கூடம், லாரி லெவின் என்ற பெயர்பெற்ற பொறியாளர், நல்ல கருவிகள், எல்லாம் கிடைத்தது. 1967இல் ‘இன்ட்ரட்யூசிங் தி சோனிக்ஸ்’ வெளிவந்தது. சுத்தமான சத்தம். ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்கும், எதுவும் உடையாது, யாரும் அரண்டுபோக மாட்டார்கள். அந்த எல்பியைக் குப்பை என்று திட்டினவர்கள் விமர்சகர்கள் மட்டும் இல்லை, வாசித்தவர்களே திட்டினார்கள். லெவினைக் குறை சொல்ல முடியாது, அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். இந்தக் குழுவுக்கு ஒழுங்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் குழுவும் கலைந்தது. ஒருவர் படிக்கப் போனார், ராப் லிண்ட் கடற்படையில் சேர்ந்து விமானம் ஓட்டப் போனார்.

மறுவெளியீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. உங்களில் சிலர் இல்லையென்றால் இந்தப் பாட்டுகள் என் காதுக்கே வந்திருக்காது. லென்னி கே 1972இல் தொகுத்த, கராஜ் ராக் என்கிற இந்த முரட்டு இசைக்கே வாய்ப்பாடு மாதிரி ஆகிப்போன ‘நகெட்ஸ்’ தொகுப்பில்கூட சோனிக்ஸுக்கு இடம் இருக்கவில்லை. 1980இல் கிராம்ப்ஸ் என்ற குழு தங்கள் முதல் எல்பியில் ‘ஸ்ட்ரிக்னின்’ பாட்டை எடுத்து வாசித்த பிறகு மூலத்தைத் தேடிப்போனவர்கள் நிறைய. லண்டனின் ஏஸ் நிறுவனம் தன் பிக் பீட் முத்திரையில் 1993இல் எட்டிகெட் காலத்துப் பதிவுகளை ஒரே குறுந்தட்டில் ‘சைக்கோ சோனிக்’ என்று கொண்டுவந்தது. நியூயார்க்கின் நார்ட்டன் 1999இல் இரண்டு எல்பிகளையும் மோனோவிலேயே, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே சத்தமாக, இருந்தது இருந்தபடி திரும்பப் போட்டது. கழுவுவதைப் பற்றிப் பேசும்போது நார்ட்டன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது புரூக்ளினில் ரெட் ஹுக் பகுதியில் இருந்த அவர்களுடைய கிடங்குக்குள் வெள்ளம் புகுந்து இசைத்தட்டுகள் கிட்டத்தட்ட மொத்தமும் சேற்றில் மூழ்கின. முன்பின் தெரியாத ரசிகர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து தட்டுத் தட்டாகக் கழுவிக் காயவைத்தார்கள். அந்தக் கழுவலுக்கு நான் காலில் விழத் தயார். மேலே இருக்கிற சேற்றைக் கழுவலாம், தட்டின் பள்ளத்துக்குள் இருக்கும் சத்தத்தில் கைவைக்கக்கூடாது.

அப்புறம் இந்த ஸ்டீரியோ ஆசை. இரண்டு தடம் இருக்கிறதே, இடது காதில் ஒன்று வலது காதில் ஒன்று போட்டால் ஸ்டீரியோ ஆயிற்றே என்று யாருக்காவது தோன்றும். அந்தக் காலத்தில் இரண்டு தடம் வைத்திருந்தது இரண்டு காதுக்காக இல்லை. பெரும்பாலும் வாத்தியங்களை ஒரு தடத்தில் எடுத்துவிட்டு, குரலை மற்றொன்றில் ஏற்றி, கடைசியில் இரண்டையும் கலந்து ஒன்றாக்குவதற்குத்தான். அதைப் பிரித்துப் போட்டால் ராஸ்லி ஒரு தெருவில் கத்த, குழு அடுத்த தெருவில் வாசிக்கிற கதைதான். இந்தப் பாட்டுகளின் பலமே ஐந்து பேரும் ஒரு சின்ன ஓட்டை வழியாக ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்க்கிற நெரிசல்தான். மோனோவில் போடுங்கள். 2015இல் தலை நரைத்தபிறகு அவர்களே புதிதாக ஓர் எல்பி பதிவுசெய்தபோது, டெட்ராய்ட்டின் ஜிம் டயமண்ட் தயாரிப்பில், கையில் எல்லாத் தொழில்நுட்பமும் இருந்தும், மோனோவில்தான் கொண்டுவந்தார்கள். அதற்குமேல் சாட்சி வேண்டுமா?

இதற்கு நேர் எதிரான ஒரு வியாதியும் உண்டு. சோனிக்ஸ் என்றால் சத்தம்தானே என்று ரீமாஸ்டர் செய்கிறவர், அதாவது பழைய பதிவை மறுவெளியீட்டுக்குச் செப்பனிடுகிறவர், எல்லாவற்றையும் அழுத்தி மேலே தூக்கிக் கூரையில் முட்டவைத்துவிடுவார். கேட்டுப்பாருங்கள், ‘தி விட்ச்’ பாட்டில் குழு சட்டென்று நிறுத்தி, ஒரு இமைப்பொழுது இடைவெளி விட்டுத் திரும்பப் பாய்கிற இடங்கள் இருக்கின்றன. அந்தக் குட்டி அமைதியில்தான் அடுத்த அடியின் பயம் இருக்கிறது. சமமாக அழுத்தினால் அமைதிக்கும் அடிக்கும் வித்தியாசம் தேய்ந்து, இரண்டாவது பாட்டிலேயே காது அலுத்துவிடும். 1965இல் உடைந்த சத்தம் நாடாவிலும் ஆம்ப்பிலும் உடைந்தது, அது கூர் இல்லாமல் உருண்டு வரும், மாவு அரைபடுகிற மாதிரி. கணினியில் உடைகிற சத்தம் கண்ணாடிச் சில்லு. இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

எந்த நாடாவிலிருந்து எடுத்தீர்கள் என்பதை அட்டையில் எழுதுங்கள். இது பெரிய கோரிக்கை இல்லை, இரண்டு வரி. முதல் தலைமுறை நாடாவா, பிரதிக்குப் பிரதியா, அல்லது நாடாவே கிடைக்காமல் பழைய சிங்கிள் தட்டிலிருந்து எடுத்ததா? தட்டிலிருந்து எடுத்தால் அவமானம் ஒன்றும் இல்லை. அறுபதுகளின் அசிடேட் நாடாக்கள் வறண்டு நொறுங்கும், ஒட்டுப்போட்ட இடங்கள் விட்டுப்போகும், கெட்டுப்போனால் காடி வாடை அடிக்கும், எல்லாம் தெரியும். ஆனால் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, அது தெரியாமல் இருக்க இரைச்சலை அழித்துவிட்டு, மூல நாடாவிலிருந்து என்று தோன்றுகிற மாதிரி மழுப்பலாக எழுதுகிறார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல். கியர்னி பார்ட்டன் 2012இல் காலமானார், அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்த நாடாக்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகத்துக்குப் போயிருக்கின்றன. எதையும் தூக்கிப்போடாத மனுஷன் பதிவுசெய்த பாட்டை விற்கும்போது நாமும் கணக்கை ஒழுங்காக எழுதவேண்டாமா.

யார் வாசித்தது என்பதையும் எழுதுங்கள். 1980இல் ராஸ்லி வேறு ஆட்களை வைத்துப் பழைய பாட்டுகளைத் திரும்பப் பதிவுசெய்ததும் சோனிக்ஸ் என்ற பெயரில்தான் வந்தது. அதையும் இதையும் கலந்துகட்டி ஒரே தொகுப்பில் போட்டால் புதிதாகக் கேட்கிற பையனுக்கு எது எந்தக் காலம் என்று எப்படித் தெரியும்? 1965 கிறிஸ்துமஸுக்கு வெய்லர்ஸ், கேலக்ஸீஸ் குழுக்களோடு சேர்ந்து எட்டிகெட் போட்ட எல்பியில் இவர்களுடைய பாட்டு மூன்று உண்டு, கிறிஸ்துமஸில் நம்பிக்கையில்லை என்று ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு, அதை மட்டும் தயவுசெய்து நடுவில் செருகாதீர்கள், கடைசியில் போடுங்கள். ஏப்ரல் மாத வெயிலில் கேட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சாண்டா கிளாஸ் வந்தால் தாங்க முடியவில்லை.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். எட்டிகெட்டுக்கு முந்தைய காலத்து நாடாக்கள் இருக்கின்றன. ராஸ்லி கத்த வருவதற்கு முன்னால், 1961 தொடங்கி ஒத்திகையிலும் நடன நிகழ்ச்சிகளிலும் எடுத்தவை. பாட்டுக்குரல் குறைவு, வாத்தியம்தான் அதிகம். நார்ட்டன் 2001இல் ‘சாவேஜ் யங் சோனிக்ஸ்’ என்று ஒரு தொகுப்பாகப் போட்டது. சத்தம் மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த தொகுப்பில் இவற்றைச் சுருக்கி இரண்டு பாட்டாக்கி ‘கூடுதல் இணைப்பு’ என்று மூலையில் தள்ளிவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். செய்யாதீர்கள். ‘தி விட்ச்’ வானத்திலிருந்து குதிக்கவில்லை. பையன்கள் மற்றவர்களுடைய மெட்டுகளை வாசித்து, தப்புவிட்டு, திரும்ப வாசித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆம்ப்பைத் திருகி, நாலு வருடம் கழித்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். முதல் எல்பியின் பன்னிரண்டு பாட்டில் சொந்தப் பாட்டு நான்குதான், மீதி எட்டும் அடுத்தவர்களுடையது. ‘ஹேவ் லவ் வில் டிராவல்’ பாட்டைக்கூட எழுதியவர் ‘லூயி லூயி’ எழுதிய ரிச்சர்ட் பெரி. அவருடையதைக் கேளுங்கள், சொகுசாக நடைபோடும். அதே பாட்டு இவர்கள் கையில் எப்படி இப்படி ஆனது என்பதற்கு விடை அந்த மோசமான சத்தமுள்ள ஒத்திகை நாடாக்களில்தான் இருக்கிறது. வருட வரிசையில் போடுங்கள், முதல் தட்டிலேயே போடுங்கள், பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்க்கொள்ளட்டும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன் என்றேனே. பாரிப்பா வீட்டு நாடாக்களில் எங்கேயாவது, எந்தப் பெட்டியின் அடியிலாவது, அந்த அம்மா பாஸ் வாசித்த ஒத்திகை பதிவாகியிருந்தால், ஸ்ருதி சேராவிட்டாலும், பாதியில் நின்றாலும், பின்னால் நாய் குரைத்தாலும், முழுசாகப் போடுங்கள். அந்த நாய்ச் சத்தத்தையும் எடுக்காதீர்கள். நாலு பிரதி வைத்திருக்கிறேன், ஐந்தாவதுக்கும் காசு எடுத்துவைக்கிறேன்.

இப்படிக்கு,
முள் சிவப்பைத் தொட்டால் இப்போது பதறாத ஒரு பழைய கேசட் கடைப் பையன்